சிப்பிப்பாறைக்குச் சொறி

கேள்வி: என் சிப்பிப்பாறை நாய்க்கு உடம்பெல்லாம் சொறி. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசித் தாமிரபரணியில் குளிப்பாட்டினால் குணமாகுமா?
(ஒரு வாசகர், சேரன்மகாதேவி)

பதில்: தாமிரபரணியின் பாபநாசத்துத் துறையில் மூழ்கியவனுடைய பாபம் நாசமாகும் என்பது நம் முன்னோரின் திடமான நம்பிக்கை. ஆனால், கண்ணுக்குப் புலப்படாமல் தோலுக்குள் வளை தோண்டி முட்டையிட்டு வாழும் சொறிப்பூச்சி, எத்தனை முழுக்குப் போட்டாலும் தன் வாசஸ்தலத்தை விட்டுப் புறப்படுவதில்லை. வேம்பும் மஞ்சளும் மேலோட்டமான அரிப்புக்குச் சற்றே சாந்தி அளிக்கலாம். அதில் எனக்கு ஆக்ஷேபமில்லை. எனினும், வியாதிக்குக் காரணம் பூச்சியா, காளானா, கிருமியா என்பதைத் தோலைச் சுரண்டி எடுத்துப் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பரிசோதித்து நிச்சயிக்காமல் எதையேனும் பூசுவது, விலாசம் எழுதாத கடிதத்தைத் தபாற்பெட்டியில் போடுவதற்கு ஒப்பாகும்.

மண்ணெண்ணெயையும் பழைய இஞ்சின் எண்ணெயையும் தடவுகிறவர்கள் இன்றும் நம் ஜில்லாவில் இருக்கிறார்களே, அதுதான் என் நெஞ்சைச் சுடுகிறது! குட்டை ரோமமும் மெல்லிய சருமமும் உடைய அந்த வேட்டை நாயின் தோலை அவை பொசுக்குவதோடு, அது நக்கும்போது வயிற்றிலும் சென்று விஷமாகின்றன. மாட்டுக்கு வாங்கிய பூச்சி மருந்தை அளவறியாமல் செலுத்துவதும் பிராணாபத்தே.

நம் ஜில்லாவிலுள்ள ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள். சொறியும் படர்தாமரையும் மனிதருக்கும் தொற்றக்கூடியவையாதலால், குணமாகும்வரை குழந்தைகளை நாயோடு படுக்க விடாமல், அது படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துங்கள். மருத்துவர் தரும் மருந்து நீரை மட்டும் ஆற்றில் கலக்க விடாதீர்கள். அது மீனுக்கு நஞ்சு.