பன்னிரண்டாவது படம்

"ரொம்ப நேரமா குனிஞ்சுக்கிட்டே நிக்கிறாரே, எதையாவது தொலைச்சிட்டாரா?" என்று சமையல்காரர் என்னிடம் கேட்டார். எதையும் தொலைக்கவில்லை, படம் எடுக்கிறார் என்றேன். கழுத்தில் தொங்கும் பெட்டியைத் தொப்பைமேல் இருத்தி, அதன் மேல்மூடியைத் திறந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவர்போல நிற்கும் இரட்டை லென்ஸ் கேமராக்காரரை நீங்களும் ஏதாவது கல்யாணத்தில் பார்த்திருப்பீர்கள். என் சித்தப்பாவைச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இது ஓர் இனம்.

கையில் இருப்பது யாஷிகா மேட் 124ஜி. பேச்செல்லாம் ரோலிஃப்ளெக்ஸ். அது 1929-ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் பிறந்த கதையை, பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு ரசம் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, இவர் படம் எடுக்காமல் இருப்பது.

ஒரு 120 ரோலுக்குப் பன்னிரண்டே படம். செலவழித்தால் தீர்ந்துவிடும் அல்லவா?

பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளன்று முற்றத்தில் நாற்காலி போட்டு, பட்டுப்புடவையோடு பாட்டியை உட்கார வைத்தோம். முதலில் வெளிச்சம் அளக்க வேண்டும். பெட்டியிலேயே மீட்டர் உண்டு. ஆனால் அதற்கான பாதரச பேட்டரியை இப்போது யாரும் செய்வதில்லை. அதனால் செல்போனை எடுத்துப் பாட்டியின் முகத்துக்கு நேரே நீட்டி அளவு பார்த்தார்.

"அப்படியே அதுலயே ஒண்ணு எடுத்துடுங்களேன் சித்தப்பா."

கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

பிறகு குனிந்தார். மேல் லென்ஸ் காட்டும் உருவம் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும். பாட்டி ஓரமாகப் போய்விட்டாளே என்று இவர் ஒரு பக்கம் திருப்ப, பாட்டி இன்னும் ஓரத்துக்குப் போனாள். முப்பது வருஷமாகப் பழகியும் கைக்கு அது பிடிபடவில்லை. "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்." தலை நிமிராமல் சொன்னால் எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? பாட்டி நாற்காலியோடு துளசிமாடம் வரை போய்த் திரும்பினாள். அடுத்து உருப்பெருக்கியை நிமிர்த்தி ஃபோகஸ். அதற்குள் மேகம் வந்தது. மேகம் வந்தால் மறுபடியும் செல்போன்.

"எடுத்தியாடா இல்லியா? இடுப்பு நோவுது."

"இரும்மா, வெளிச்சம் வருது."

வெளிச்சம் வந்தது. கூடவே கொள்ளுப்பேரனும் ஓடிவந்து மடியில் ஏறினான். எல்லாம் முதலிலிருந்து. கடைசியில் மேல்மூடியைப் பட்டென்று சாத்திவிட்டு, "சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், சாயங்காலம் எடுத்தார். பாட்டி நகையெல்லாம் கழற்றிவிட்டுத் திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். இவர் எதிரே குந்தி, தலையைக் குனிந்துகொண்டார். முகத்துக்கு நேரே யாரும் எதையும் நீட்டவில்லை என்பதால், தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்பதே பாட்டிக்குத் தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சதுரம், அதற்குள் பாட்டி, அவள் விரல், காம்பு கிள்ளும் அசைவு. நிஜப் பாட்டி சில அடி தள்ளி உட்கார்ந்திருந்தும், இந்தப் பாட்டியையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது. உள்ளே படக்கென்று எழுந்து விழ இதில் கண்ணாடி இல்லை. 'டிக்' என்று பல்லி உச்சுக்கொட்டுவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த நிமிஷம் நானும் கட்சி மாறிவிட்டேன்.

அது பதினோராவது படம்.

பன்னிரண்டாவது எடுக்காமல் ரோலைக் கழுவக் கொடுக்க மாட்டாராம். "சுவத்தையாவது எடுத்துத் தொலைங்களேன்" என்றால், "ஒரு ஃபிரேமை வீணாக்கச் சொல்றியா?" என்கிறார். சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தபடி ரோலிஃப்ளெக்ஸில் தெருவெல்லாம் படம் எடுத்தாரே விவியன் மேயர், அவரே எத்தனையோ ரோல்களைக் கழுவாமல் விட்டுப்போனவர்தான் என்று எனக்கு ஆறுதல் வேறு. மேயர் எடுக்கவாவது எடுத்தார்.

சித்தப்பா, இது நியாயமே இல்லை. பெட்டி உங்களுடையதாக இருக்கலாம். பாட்டி எங்களுக்கும் பாட்டி.

வருகிற தையில் பாட்டிக்கு எண்பத்திரண்டு.