துடுப்பிலே ஒரு கனெக்‌ஷன்

கேள்வி: கேபிள் டிவிக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஆர்? எங்கட மட்டக்களப்பு வாவிப் பக்கம் அப்படிக் கம்பியும் வாத்தியமும் தெரிஞ்சவர் ஆரும் உண்டா?
– வாசகர் ஒருவர், கல்லடி

பதில்: அமெரிக்காவில் ஜான் வால்சன் என்ற கடைக்காரர். மலை மறைத்ததால் படம் தெரியவில்லை, டிவி விற்கவில்லை. 1948இல் மலையுச்சியில் அன்டெனா நட்டு ஊருக்குள் கம்பி இழுத்தார் என்பார்கள். அதே ஆண்டைச் சொல்லி எட் பார்சன்ஸ் என்பவரும் பங்குக்கு நிற்கிறார்.

உங்களுக்கு ஏன் கம்பி? பௌர்ணமி இரவில், தோணியிலிருந்து துடுப்பின் ஒரு முனையை வாவியில் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்தால் மீன் கச்சேரி. மாதச் சந்தா கிடையாது. லாங் அடிகளார் என்ற பாதிரியார் ஒலிப்பதிவு செய்ய, இலங்கை வானொலியே அதை ஒலிபரப்பியது. பாடுவது மீனல்ல, சிப்பி என்போரும் உண்டு. எதுவானாலும் ராயல்டி கேட்டதில்லை.

வாத்தியமா? விஞ்ஞானம் படித்த காரைதீவு விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947லேயே வந்துவிட்டது. வால்சன் ஒரு வருஷம் லேட்!