ஆம்னி வேனில் மீட்டர் போர்டு அடங்குதல்: ஜவ்வாது மலையை முன்வைத்து ஓர் ஆய்வு

சாவியைத் திருப்பினாலும் முள் எழாது, விளக்கு எரியாது. வண்டி மட்டும் ஓடும். இந்நிலையே மீட்டர் போர்டு அடங்குதல் எனப்படும். 1984இல் மாருதி வேனாகப் பிறந்து, பின்னர் ஆம்னி எனப் பெயர் பெற்று, 2019இல் உற்பத்தி நின்றுபோன 796 சிசி வண்டியே இவ்வாய்வின் களம். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர்ப் பக்கமும் ஆலங்காயம் பக்கமும் இறங்கும் வளைவுகளில் சாமை மூட்டை, பலாப்பழம், கல்யாண வீட்டார் என எதையும் மறுக்காத இவ்வினத்துக்கு, போர்டு அடங்கியதைத் தன் உரிமையாளரிடம் சொல்வதற்கும் வழியில்லை. சொல்லவேண்டிய உறுப்பே அதுதான்.

அடக்கம் இருவகை: ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் படுப்பது அரை, மின்சாரத்தில் இயங்கும் விளக்கும் மற்ற முள்ளும் அடங்குவது முழு. இவற்றைப் பிரித்தறியாதோரே ஸ்பீடோமீட்டர் முள் படுத்ததற்கு ஃபியூஸைத் தேடுவர். அது வீண் வேலை. 1902இல் ஸ்ட்ராஸ்பர்க்கின் ஓட்டோ ஷுல்ட்ஸே காப்புரிமை பெற்ற முறைப்படி, கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்ற, அதை மூடிய அலுமினியக் கிண்ணம் மெல்லிய சுருள்வில்லை எதிர்த்துத் திரும்பி முள்ளை நகர்த்துகிறது. இதில் பேட்டரிக்கு வேலையே இல்லை. சாவதற்கு முந்தைய நாட்களில் முள் சாமி வந்ததுபோல் ஆடும்; உள்கம்பி கிரீஸ் வற்றிப்போனதற்கு அதுவே அறிகுறி. மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றி, வண்டியை நாலு பேர் தள்ளிப் பார்க்கவேண்டும். உள்கம்பி சுழன்றால் குற்றம் மீட்டரில். சுழலாவிடில் கேபிளிலோ கியர்பாக்ஸ் பல்லிலோ.

முழு அடக்கத்தில் ஃபியூஸ், கப்ளர், எர்த் என்பதே விசாரணை வரிசை. ஃபியூஸ் போனால் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றும் பழக்கம் கண்டிக்கத்தக்கது. அடுத்த முறை எரிவது ஒயராக இருக்கும். ஃபியூஸ் நலமெனில் டெஸ்டர் பல்பின் ஒரு முனையைப் பாடியில் வைத்து, மறுமுனையைப் போர்டின் பின்னுள்ள கப்ளரில் தொடவேண்டும். பல்பு எரிந்தும் போர்டு எரியாவிட்டால் எர்த் கட். பல்பும் எரியாவிட்டால் கப்ளருக்கு வரும் ஒயரைப் பின்தொடரவேண்டும். மூட்டையில் சிந்திய சாமையைத் தேடி வந்த எலி, ஒயரையும் ருசி பார்த்திருக்கக் கூடும்.

இவ்வரிசைக்கு முன்பே எல்லா ஓட்டுநரும் கையாள்வது தட்டல் முறை. அறிஞர் இதை இகழ்வது நியாயமன்று. உள்ளங்கையால் டாஷ்போர்டில் ஓங்கி அடித்ததும் முள் எழுந்தால் எங்கோ தொடர்பு லூஸ் என்பது நிரூபணம். இதைச் சோதனையாகக் கொள்ளாமல் வைத்தியமாகக் கொள்வதே பிழை.

மீட்டர் இன்றியே மலையில் ஓட்டமுடியும் என்பாரின் வாதத்திலும் வலு உண்டு. கொண்டையூசி வளைவில் இரண்டாம் கியரில் ஏறுபவருக்கு வேகத்தை இன்ஜின் சத்தமே சொல்லும். பெட்ரோல் முள்ளோ உயிரோடிருந்த காலத்திலும் ஏற்றத்தில் ஒன்றும் இறக்கத்தில் வேறொன்றும் காட்டியது. டேங்கின் மிதவை சாய்ந்தால் அதுவும் என்ன செய்யும்? ஆனால் ஆயில் விளக்குக்கு மாற்று உடலில் இல்லை. ஆயில் அழுத்தம் விழுந்ததைக் காது அறியும்போது இன்ஜின் பாதி போயிருக்கும். சார்ஜ் விளக்கும் அப்படியே. பல பழைய வண்டிகளில் அவ்விளக்கின் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்னோட்டம் போகிறது. பல்பு போனால் சார்ஜும் போகலாம், அதன்பின் ஹெட்லைட்டும். சாவியைத் திருப்பியவுடன், ஸ்டார்ட் ஆகுமுன், இவ்விரு விளக்கும் எரியவேண்டும்.

இரவில் போர்டு விளக்கு இல்லாமை தனிச் சிக்கல். இம்மலையின் இருட்டு வானியலாருக்கு உகந்தது. 1977இல் யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வைக் இம்மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியும் பதிவுசெய்தது. 250 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளது தெரிந்த அதே மலையில், ஒரு முழத் தொலைவிலுள்ள முள் ஓட்டுநருக்குத் தெரிவதில்லை.

இறுதியாக ஓடோமீட்டர். கேபிள் அறுந்த நாளில் நின்ற எண்ணிலேயே அது நிற்கும். வண்டிக்கு அதன்பின் வயது ஏறாது. பழைய வண்டிச் சந்தையில் இது குறையாகக் கருதப்படுவதில்லை. விற்கப்போகிறவர் கேபிள் மாற்றியதாக இவ்வாய்வில் ஒரு சான்றும் கிட்டவில்லை. வாங்கியவரே மறுவாரம் மாற்றுகிறார்.