குட்டைக் கோதுமையின் திமிர்

ஜப்பானிய நெல் வயல்களில் சில நாற்றுகளுக்கு மட்டும் திடீரென்று கிறுக்குப் பிடிக்கும். வெளிறி, ஒல்லியாகி, மற்ற நாற்றுகளை எட்டிப் பார்க்கும் உயரத்துக்குப் போகும். அத்தோடு சரி. பாதி செத்துவிடும், பிழைத்தது பதர் தள்ளும். முட்டாள் நாற்று என்று விவசாயிகள் திட்டித் தீர்த்தார்கள்.

1926இல், ஜப்பானின் பிடியிலிருந்த தைவானில், எய்ச்சி குரோசாவா நோய்க்குக் காரணமான பூஞ்சையைத் தனியாக வளர்த்தார். அது வளர்ந்த நீரை வடிகட்டி, நல்ல நாற்றுக்குக் கொடுத்தார். பூஞ்சையே படாமல் நாற்று நெட்டையானது. பூஞ்சை கக்கிய அந்தச் சரக்குக்கு 1935இல் தெய்ஜிரோ யபுதா ஜிப்பரெலின் என்று பெயர் வைத்தார். செடிகளும் அதைச் சொந்தமாகவே தயாரிக்கின்றன என்பது 1950களில்தான் தெரிந்தது.

அதே 1935. அதே ஜப்பான். வடக்கே இவாத்தேயில் கொன்ஜிரோ இனாசுகா உருவாக்கிய கோதுமை ரகம் ஒன்று வெளியாகிறது. பெயர் நோரின் 10, உயரம் ஏறக்குறைய இரண்டடி. ஒருவர் வளர்ச்சி ஹார்மோனுக்குப் பெயர் சூட்டுகிறார். இன்னொருவர் அந்த ஹார்மோனைச் சட்டையே செய்யாத பயிரை வயலில் இறக்குகிறார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அந்த நாட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பிறகு போர், தோல்வி, அமெரிக்கப் படை. படையோடு வந்த வேளாண் ஆலோசகர் எஸ்.சி. சால்மன் 1946இல் இந்தக் குட்டையனின் விதையை ஊருக்கு அனுப்பினார். வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்வில் வோகல் அதை உள்ளூர் ரகத்தோடு கலந்தார். வோகலிடமிருந்து மெக்சிகோவிலிருந்த நார்மன் போர்லாக் கைக்குப் போனது. உயரமான கோதுமைக்கு உரம் போட்டால் கதிரின் கனம் தாங்காமல் சாய்ந்து படுத்துவிடும். குட்டை எவ்வளவு தின்றாலும் நிமிர்ந்தே நின்றது. 1966இல் இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதையைக் கப்பலில் வரவழைத்தது. 1970இல் போர்லாகுக்கு அமைதி நோபல். கோதுமை ஏன் குட்டை என்று அப்போதும் யாருக்கும் தெரியாது. அதைக் கேட்டுக்கொண்டா ரொட்டி சுடுவார்கள்?

காரணம் 1999இல் வந்தது, இங்கிலாந்தின் நாரிச்சில் உள்ள ஜான் இன்னஸ் மையத்திலிருந்து. செடிக்குள் டெல்லா என்றொரு புரதம் உண்டு. வளர்ச்சிக் கோப்புகளை மடியில் போட்டுக்கொண்டு, 'நாளைக்கு வாங்க' என்று சொல்லும் குமாஸ்தா. ஜிப்பரெலின்தான் அவருக்கான பணிநீக்க உத்தரவு. உத்தரவு வந்ததும், அதை ஏற்கும் புரதம் குமாஸ்தாவைப் பிடித்துக்கொள்ள, செல் அவரை அழித்துவிடும், தண்டு நீளும். நோரின் 10இல் இருப்பது மரபணுவில் ஏற்பட்ட பிழை. பிடிக்க வேண்டிய முன்பகுதியே இந்த டெல்லாவில் இல்லை. உத்தரவு கட்டுக்கட்டாக வந்தாலும் ஆள் நாற்காலியை விடுவதில்லை. உலகத்துக்குச் சோறு போட்டதில் இந்த ஆசாமிக்கும் பங்குண்டு. நோபல் குழு அவரைக் கண்டுகொள்ளவில்லை.

நம்மூருக்கும் வந்த ஐ.ஆர்.8 நெல்லும் குட்டைதான், ஆனால் காரணம் வேறு. அதற்கு ஹார்மோனைப் போதுமான அளவு தயாரிக்கத் தெரியாது, அவ்வளவே. ஜிப்பரெலின் தெளித்தால் சமர்த்தாக உயர்ந்துவிடும். நோரின் வம்சத்துக் கோதுமைமேல் தெளித்துப் பாருங்கள். செலவுதான் மிச்சம்.