மணி அடித்தால் யார் எடுப்பார்?

கேள்வி: பொருள் தரமாக இருந்தால் வாடிக்கையாளர் தாமே தேடி வந்துவிடுவார் அல்லவா? தொடர்பு எண்ணுக்கு இத்தனை அக்கறை எதற்கு?

பதில்: தேடி வருவார், தேடியும் கிடைக்காதபோது அடுத்த கடைக்குப் போவார், போவதைச் சொல்லிவிட்டும் போகமாட்டார். வாங்கிய பொருள் கெட்டுப்போனால் சண்டைக்காவது திரும்பி வருபவர், எடுக்கப்படாத ஒரு போனுக்காகச் சண்டைக்கு வருவதில்லை என்பதால், சிறுதொழிலின் நட்டங்களில் இது மட்டும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. இதைக் கண்டுகொண்ட அரிய மனிதர், அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் இறுதிச்சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர். அக்காலத்தில் தொலைபேசி இணைப்பகத்தில் அமர்ந்திருக்கும் பணியாளரே ஒவ்வொரு அழைப்பையும் கையால் இணைத்தார். தமக்கு வரவேண்டிய அழைப்புகள் போட்டியாளருக்குத் திருப்பிவிடப்படுவதாக ஐயுற்ற ஸ்ட்ரோஜர், இடையில் ஆள் இல்லாமலேயே இணைப்புக் கிடைக்கும்படியான தானியங்கி இணைப்பகத்தை வடிவமைத்து 1891இல் காப்புரிமை பெற்றார் என்பது தொலைபேசி வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மறு ஆண்டே இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அது இயங்கத் தொடங்கியது. பின்னாளில் இந்திய நகரங்களிலும் அவர் பெயரால் வழங்கிய இணைப்பகங்கள் பல பத்தாண்டுகள் உழைத்தன. கைவிட்டுப் போன அழைப்புகளைப் பற்றிய ஒரு சிறுதொழில்காரரின் கவலைக்கு இவ்வளவு வலிமை இருந்திருக்கிறது.

கேள்வி: பெயர்ப்பலகையில் எத்தனை எண்கள் இருக்கலாம்?

பதில்: ஒன்று. நான்கு எண்களைப் பார்ப்பவர் எதை அழைப்பது என்று திகைப்பார். முதலாவது அணைத்து வைக்கப்பட்டிருந்தால் மற்ற மூன்றையும் முயன்று பார்க்கும் பொறுமை உறவினருக்கு இருக்கும், வாடிக்கையாளருக்கு இருக்காது. தொலைபேசி அரிதாக இருந்த நாளில், பக்கத்து வீட்டு எண்ணையே "பி.பி." என்று குறிப்பிட்டு முகவரி அட்டையில் அச்சிடும் வழக்கம் இருந்தது, அந்த எண் சொந்தமில்லை என்றாலும், எடுத்து "கூப்பிடுகிறேன், இருங்கள்" என்று சொல்ல மறுமுனையில் ஓர் ஆள் இருந்தார்.

கேள்வி: எண்ணை எங்கே எழுதுவது?

பதில்: ஷட்டரில் மட்டும் எழுதக் கூடாது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் எண்ணும் சுருண்டு மேலே போய்விடுகிறது. கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும் மறைந்திருந்து, பூட்டிய பிறகே தெருவுக்குத் தெரிகிறது. பூட்டிய கடையின் முன் வந்து நிற்பவருக்கு அந்த எண் மிகவும் தேவை என்பதால் அதை அழிக்க வேண்டியதில்லை. பெயர்ப்பலகையிலும் எழுத வேண்டும், அதுவும் வாசலில் நிறுத்தப்படும் இருசக்கர வண்டிகள் மறைக்காத உயரத்தில், பத்து இலக்கங்களையும் ஐந்து ஐந்தாகப் பிரித்து. தரைவழித் தொலைபேசி என்றால் ஊர்க் குறியீட்டு எண்ணும் சேர வேண்டும். வெளிநாட்டிலிருந்து அழைப்பவருக்காக அச்சிடும்போது, கோயம்புத்தூரின் 0422 என்பது தொடக்கச் சுழியம் நீங்கி +91 422 ஆக வேண்டும்.

கேள்வி: வேறு நிறுவனத்தின் சிம் மலிவாகக் கிடைக்கிறது. எண்ணை மாற்றலாமா?

பதில்: நிறுவனத்தை மாற்றலாம், எண்ணை மாற்ற வேண்டியதில்லை. எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு சேவை நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி, அதாவது போர்ட் செய்தல், 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் இருக்கிறது. பழைய எண் பில் புத்தகத்திலும் துணிப்பையிலும் பல வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாட்காட்டியிலும் வாழ்ந்துகொண்டிருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் நீண்ட நாள் விட்டால் அது முடக்கப்பட்டு, பின்னர் முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒதுக்கப்படும், அவரிடம் போய் மூன்று கிலோ அதிரசம் கேட்பார்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் இருந்தால் போதாதா?

பதில்: தட்டச்சு செய்யத் தயங்கும் பெரியவருக்கும், பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் போதாது. மற்றவர்களுக்கு அது பெரும் உதவி. 2018இல் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் என்னும் கட்டணமில்லாச் செயலியில் கடை நேரம், முகவரி ஆகியவற்றை வைக்கலாம்; கடை மூடியிருக்கும்போது தானாகப் போகும் பதிலையும் எழுதி வைக்கலாம்; தரைவழி எண்ணைக் கொண்டும் அதில் பதிவு செய்யலாம். எண்ணைச் சேமிக்காமலே உரையாடலைத் திறக்கும் இணைப்பை கியூஆர் குறியீடாக அச்சிட்டு ஒட்டலாம். ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994இல் கார் உதிரிப்பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கிய இந்தச் சதுரம், இன்று தமிழ்நாட்டுக் கடைகளில் பணம் செலுத்துவதற்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை ஏற்படுத்திவிட்டதால், அதன்மேல் "பேசுவதற்கு" என்று கொட்டை எழுத்தில் எழுதாவிட்டால் யாரும் ஸ்கேன் செய்யமாட்டார்கள்.

கேள்வி: வீட்டில் இட்லிப்பொடி தயாரித்துப் பாக்கெட்டில் விற்பவருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பதில்: அவருக்கு இது சட்டமாகவே இருக்கிறது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவு விதிகள், புகாருக்குத் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் முதலியவற்றை உறையில் அச்சிடக் கோருகின்றன. ஆனால் பல உறைகளில் எண் மேல் ஓரத்தில் இருக்கிறது. கத்தரிக்கோல் முதலில் வெட்டி எறிவது அந்த ஓரத்தைத்தான். பொடி தீரும்போதுதான் மறுபடி வாங்கும் நினைவு வரும் என்பதால், எண் உறையின் அடிப்பகுதியில் இருப்பதே நலம்.

கேள்வி: அடுப்பிலும் தையல் இயந்திரத்திலும் கை இருக்கும்போது எப்படி போனை எடுப்பது?

பதில்: எடுக்க வேண்டியதில்லை, பேசும் நேரம் இதுவென்று எண்ணுக்குக் கீழேயே எழுதிவிட்டு, தவறிய அழைப்புகள் அனைத்துக்கும் அன்றைக்கே திரும்பப் பேசினால் போதும். இடையில் வீட்டார் எடுத்தால் "அண்ணன் இல்லை, அப்புறம் பண்ணுங்க" என்று சொல்லி வைத்துவிடுவதுதான் பெருங்கேடு. அந்த "அப்புறம்" பெரும்பாலும் வருவதில்லை. போன் அருகே ஒரு நோட்டும், நூலில் கட்டிய ஒரு பேனாவும் இருந்து, அழைத்தவரின் பெயர், எண், தேவை ஆகிய மூன்றும் எழுதப்பட்டால், எடுத்தவர் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தாலும் அந்த ஆர்டர் கைநழுவிப் போகாது.