நாற்பத்தைந்து சீரிஸ் டயருக்கு ஒரு பாராட்டுரை

205/45 R17 டயரே, உன் பெருமையை யாராவது எழுதி வைக்கத்தான் வேண்டும். 2018-ல் வந்த ஸ்விஃப்ட்டின் உயர்ரக மாடலுக்கு கம்பெனியில் 185/65 R15 டயர் போட்டு அனுப்பினார்கள். 185 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் 120 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். நீ 205-ல் 45 சதவீதம். 92 மில்லிமீட்டரிலேயே காரியத்தை முடித்துவிட்டாய். 28 மில்லிமீட்டர் மிச்சம்! அதே நேரம் மொத்த விட்டத்தை நீ கெடுக்கவில்லை. பழையது 621.5, நீ 616.3. ஸ்பீடோமீட்டர் கணக்கு ஒரு சதவீதம்கூடப் பிசகாது. மீட்டரைக் கேட்டால் நீ வந்ததே அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்வதெல்லாம் சீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

உன் அழகை யாரும் மறுக்க முடியாது. பெரிய அலாய் சக்கரம், அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கரை, வீல் ஆர்ச்சை நிறைத்துக்கொண்டு நிற்கிறாய். வாசலில் நிறுத்திவைத்த காருக்கு உன்னைப் போல எடுப்பாக வேறொன்றும் அமையாது. நிறுத்தியே வைத்திருந்தால் உன்னிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது.

ஓடும்போதும் நீ கெட்டிக்காரன். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் ரிம்தான் திரும்பும். சுவர் உயர்ந்த டயரில் அந்தச் சுவர் சற்று நெளிந்த பிறகுதான் தரையில் பதிந்திருக்கும் பகுதி பின்னால் வரும். உனக்கு அந்தத் தயக்கம் கிடையாது. கை அசைந்தால் முகப்பு அசையும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், புதுத் தார் போட்ட மறுநாள், உன்னை மிஞ்ச முடியாது. தார் பெயர்ந்த நாளில் அந்த விறைப்பு வேறு விதமாக வேலை செய்யும். குழிக்குக் குழி துள்ளுவாய். துள்ளுகிற கணத்தில் ரப்பர் தரையை அழுத்தாது, அழுத்தாத ரப்பருக்குப் பிடியும் இராது. அப்போதும் உன்னிடம் வீண் பேச்சு இல்லை. பழைய டயர் வழுக்கப் போகிறது என்றால் முன்கூட்டியே நெளியும், கீச்சிடும், டிரைவர் காலை எடுக்க அவகாசம் தரும். நீ கடைசிவரை கம்பீரமாகப் பிடித்திருப்பாய், விடும்போது சட்டென்று விடுவாய்.

மழைநாளில் உன் அகலம் துணைக்கு வரும். காரின் எடையும் காற்றழுத்தமும் அதேதான் என்றால், தரையில் படும் பரப்பு நீ வந்ததால் பெரிதாகக் கூடிவிடாது. அதன் வடிவம்தான் மாறும். முன்பு நீளவாக்கில் பதிந்தது, இப்போது குறுக்கே விரிந்து பதியும். தேங்கிய நீரில் வேகமாகப் போனால், அகலமான ரப்பருக்கு அடியிலிருந்து அத்தனை தண்ணீரும் விலக வேண்டும். விலகாவிட்டால் நீ தண்ணீர் மேலேயே மிதந்து போவாய். தரையைத் தொடாமல் பயணம் செய்யும் பாக்கியம் ஒல்லியான டயர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் வாய்ப்பதில்லை.

உன் குணங்களில் நான் பெரிதாக மதிப்பது ஒளிவுமறைவின்மை. டயர்தான் சஸ்பென்ஷனின் முதல் படி. சின்னக் கல், தாரின் வெடிப்பு, பாலத்தின் இணைப்பு இதையெல்லாம் ஷாக் அப்சார்பர் வரை போக விடாமல் பக்கச்சுவரே விழுங்கிவிட வேண்டும் என்பதுதான் காரை வடிவமைத்தவர்களின் ஏற்பாடு. நீ எதையும் விழுங்குவதில்லை. ரோடு கொடுத்ததை அப்படியே ரிம்முக்கும், ரிம் கொடுத்ததை லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், பேரிங்குக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறாய். மிச்சம் பின்சீட்டில் இருக்கும் அம்மாவின் இடுப்பெலும்புக்கு. ஊருக்குப் போகும் வழியில், வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்றை மகன் கவனிக்காமல் ஏற்றிவிடுவான். அம்மா மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்தபடியே வருவாள். கேட்டால், “ஒண்ணுமில்லப்பா, நீ பாத்து ஓட்டு” என்பாள். ரோடு மோசம் என்று அவளுக்கு முன்பும் தெரியும். எவ்வளவு மோசம் என்று துல்லியமாகச் சொன்னது நீதான்.

உன் வீரத்துக்கு வருகிறேன். தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டி, காவலுள்ள மாளிகையில் மின்னுவதையும், அதியமானின் வேல் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஒளவை சொன்னாள். போர் கண்ட கருவியின் இடம் பட்டறைதான் என்பது அதன் பொருள். அந்த அளவுகோலில் உன் ரிம்முக்கு நிகரான வீரன் கிடையாது. மழைத்தண்ணீர் நிரம்பிய குழியில் இறங்கினால் குழியின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவில் நீ நசுங்குகிறாய். 120 மில்லிமீட்டர் இருந்தால் ரிம் தரையைத் தொடும் முன் சுவர் மடங்க இடம் உண்டு. 92-ல் அந்த இடம் குறைவு. பெரும்பாலும் வளைவது உள்பக்க விளிம்பு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஸ்டீயரிங் உதறும்போதுதான் தெரியும். பட்டறையில் ரிம்மை மிஷினில் மாட்டிச் சுற்றவிடுவார்கள். வளைந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் எம்பி எம்பித் தெரியும். சூடுகாட்டி, ஜாக்கி வைத்து மெல்ல வெளியே தள்ளுவார்கள். விரிசல் விட்டிருந்தால் ஆர்கன் வெல்டிங். ஒரு முறை வளைத்து நிமிர்த்திய அலாய் பழைய பலத்தோடு திரும்புவதில்லை. ஆனாலும் அது மறுபடி போருக்குப் போகும்.

சில சமயம் ரிம் தப்பிவிடும், நீயே விழுப்புண் ஏற்பாய். நசுங்கிய இடத்தில் சுவருக்குள் ஓடும் நூலிழைகள் அறுந்துவிடும். உள்ளிருக்கும் காற்று அந்த இடத்தில் ரப்பரை வெளியே தள்ளும். பக்கச்சுவரில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. அதற்கு ஒட்டு கிடையாது, வைத்தியம் கிடையாது. டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்தப் புடைப்போடு நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. எந்த நிமிடமும் வெடிக்கலாம். வீட்டில் உன்னைப் போட்டிருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது குனிந்து உன் இரு பக்கச் சுவர்களையும் கையால் தடவிப் பார்க்கட்டும். காற்றையும் அடிக்கடி பார்க்கட்டும். உன் வயிற்றில் காற்று கொஞ்சம்தான் கொள்ளும். அதில் சற்றுக் குறைந்தாலும் அடுத்த குழியில் ரிம் பலியாகும்.

உன் குலப்பெருமையும் சிறியதல்ல. பந்தயக் கார்களுக்கென்று 1970-களில் பிரெல்லி போன்றவர்கள் வளர்த்தெடுத்த வம்சம் உன்னுடையது. ஃபார்முலா ஒன் காரர்கள்தான் கொஞ்சம் மந்தம். 2021 வரை 13 அங்குல ரிம்மில் தடித்த பக்கச்சுவரை மாட்டிக்கொண்டே உலகின் வேகமான வளைவுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். 18 அங்குலத்துக்கு வந்தது 2022-ல்தான். அவர்களே அவ்வளவு தாமதித்த காரியத்தை, காய்கறி மார்க்கெட்டுக்கும் டியூஷனுக்கும் போய்வரும் ஸ்விஃப்ட்டில் எப்போதோ செய்துவிட்டோம். அங்கே ஓடுதளம் வழவழவென்று இருக்கும், பந்தயத்துக்கு நடுவே டயரை மாற்றிவிட ஆள் இருப்பார்கள். அந்த வசதி எதுவும் இல்லாமல் வேளச்சேரியில் ஓடுகிறாய் என்பதுதான் உன் தனிச்சிறப்பு.

உன்னைக் கழற்றியவர்கள் 16 அங்குலத்தில் 195/55-ஐப் போட்டுப் பார்க்கிறார்கள். 107 மில்லிமீட்டர் சுவர். வளைவிலும் ஓரளவு விறுவிறுப்பு, குழியிலும் ஓரளவு கருணை. நடுவழிக்காரர்கள், அவர்களைப் பற்றிப் பாட ஒன்றுமில்லை.

பழைய 185/65-ஐப் பற்றியோ பாராட்டாக ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. பார்க்க மொத்தையாக இருக்கிறது. வளைவில் அரை நொடி யோசிக்கிறது. ரோட்டில் என்ன நடக்கிறது என்று பாதியை மறைத்துவிடுகிறது. அம்மாவைத் தூங்க வைத்துவிடுகிறது. ரிம் பட்டறைக்காரருக்கு அதனால் பத்துப் பைசா வருமானம் இல்லை.