எருமைக் கடன்

வாங்க ஆபீசர் தம்பி, உக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், கயிறு தொய்ஞ்ச கட்டிலு.

சிறு விவசாயிக்குத் திட்டத்தையும் கடனையும் எப்படிச் சேத்துக் கொடுக்கலாம்னு யோசனை கேக்குறீங்க. நல்ல காரியம். 1980-ல ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் எல்லா ஒன்றியத்துக்கும் வந்துச்சே, அப்பவும் கேட்டாங்க. சிறு விவசாயிக்குக் கால் பங்கு மானியம், குறு விவசாயிக்கு மூணுல ஒரு பங்கு, மிச்சம் பேங்குக் கடன். எனக்கு எருமை வந்துச்சு. தீவனத்துக்கு வேற டிபார்ட்மெண்டு, வைத்தியத்துக்கு வேற. பால் ஊத்த ஊர்ல சொசைட்டியே கிடையாது. நாங்களே குடிச்சோம். உடம்புக்குத் தெம்பு வந்துச்சு, தவணை கட்டத்தான் வரல. 1999-ல அந்தத் திட்டத்தை வேறொண்ணுல சேத்துட்டாங்களாம். எருமை அதுக்கு ரொம்ப முன்னாடியே போய்ச் சேந்துடுச்சு.

இப்ப அப்படியா? கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடனைத் தவணை தப்பாமக் கட்டினா வட்டியே இல்ல. குறை சொன்னா நாக்கு அழுகிடும். அடங்கலுக்கு வி.ஏ.ஓ., சிறு விவசாயி சான்றுக்குத் தாசில்தார், பாக்கியில்லாச் சீட்டுக்கு பேங்கு, மண்வள அட்டைக்கு வேளாண்மை ஆபீசு. இத்தனை பேரும் ஒண்ணாக் கூடுற எடம் என் மஞ்சப்பைதான்.

மேட்டூரை ஜூன் 12-ல தொறந்தா குறுவை நாத்து காத்திருக்குமா? பொண்டாட்டி சங்கிலியை அடகு வச்சு நட்டுடுவேன். கதிர் முத்துறப்ப பயிர்க்கடன் வரும். அதை வாங்கிச் சங்கிலியை மீட்டுடுவேன். பயிர்க்கடன் நகைக்கடனை அடைக்குது பாருங்க, இதுக்கு மேல எந்த ஆபீசர் வந்து சேத்துவைக்கணும்?

கேட்டதுக்காக ஒண்ணு சொல்றேன். மூணு மாசத்துக்கொருக்க கலெக்டர் தலைமையில முன்னோடி வங்கிக் கூட்டம் போடுறீங்கல்ல, ஒரு தடவை எங்க களத்துமேட்டுல போடுங்க, சித்திரையில. மோரு நான் தர்றேன். வர்ற ஒவ்வொருத்தரும் சிட்டா, அடங்கல், ஆதார் நகல் மூணு மூணு கொண்டாரணும். நாலாவது நகல் கேட்டா ஜெராக்ஸ் கடைக்கு டவுனு பஸ் சாயங்காலந்தான்.

என்ன, எந்திரிச்சுட்டீங்க? உங்க படிவத்துல கையெழுத்தா? போட்டாப் போச்சு. பேனா மூத்தவன் வீட்டுல இருக்கு, கண்ணாடி இளையவன் வீட்டுல. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. திங்கக்கிழமை வாங்க தம்பி.